ஜனவரி எங்கும் ஓடிப்போகாது

கோவில்பட்டி

அன்புள்ள மருமகன் செந்திலுக்கு,

மாமா எழுதுகிறேன். போனில் கேட்டால் 'ஒண்ணுமில்ல மாமா' என்று வைத்துவிடுகிறாய். ரிப்போர்ட்டையெல்லாம் உன் அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். ஓடும்போது துடிப்பு தாறுமாறாகக் காட்டியதற்கு வாட்சைக் குறை சொல்லி வேறு வாட்ச் வாங்கினாயாமே, அதையும் சொன்னாள்.

மாத்திரையா, அப்லேஷனா என்பது உன் முடிவு. நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் ஓடுகிறவனுக்கு நாடி இயல்பிலேயே மெதுவானது. அதற்குமேல் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையும் போட்டால் மாடிப்படி ஏறவே கால் கனக்கும். அதை நீ எத்தனை நாள் ஒழுங்காக விழுங்குவாய் என்று மருந்துக்கடைக்காரனுக்குத் தெரியாதா?

அப்லேஷன் என்றால் நெஞ்சைப் பிளப்பார்கள் என்று உன் அம்மா அழுகிறாள். அதெல்லாம் இல்லை. தொடையிடுக்கு ரத்தக்குழாய் வழியாக வயரை ஏற்றி, நுரையீரலிலிருந்து இதயத்துக்கு வரும் குழாய்களின் வாயைச் சுற்றிச் சூடு வைப்பார்கள். கெட்ட துடிப்பு பெரும்பாலும் அங்கேதான் கிளம்புகிறது என்று பிரான்சில் போர்தோ நகர டாக்டர்கள் 1998-இல் எழுதினார்கள். ஆபத்தே கிடையாது என்று சொல்லமாட்டேன். சிலருக்கு இரண்டாம் தடவையும் செய்யவேண்டி வரும். டாக்டரிடம் வாய்விட்டுக் கேள். தீபாவளி கழியட்டும் என்று அம்மா இழுத்தால் என்னிடம் பேசச் சொல்.

எனக்குப் பயம் அதற்குப் பிறகுதான். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை, துடிப்பு சீரானாலும் இரண்டு மூன்று மாதமாவது விடக்கூடாது. அப்புறமும் நிறுத்தச் சொல்லவேண்டியவர் டாக்டர்தான். சூடு பட்ட இடம் ஆறும்வரை உள்ளே ரத்தம் கட்டலாம். அது மூளைக்குப் போனால் பக்கவாதம். அத்தான் என்ன செய்தார்? 'உடம்பு நல்லாத்தானே இருக்கு' என்று அவராகவே நிறுத்தினார். நான் கொடுத்தனுப்பிய அட்டைகள் பிரிக்காமல் பீரோவில் கிடந்தன. இன்றைக்கும் வலது கையால் இடது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கித்தானே காபி டம்ளரைப் பிடிக்கிறார்! உங்கள் வீட்டு ஆண்களுக்கு மாத்திரை என்றாலே மானக்கேடு. அந்த விஷயத்தில் மட்டும் அப்பாவைக் கொள்ளாதே.

முதல் மூன்று மாதம் அவ்வப்போது படபடப்பு வரலாம். காரியம் கெட்டது என்று அர்த்தமில்லை. சென்னை மாரத்தானுக்குப் பணம் கட்டியிருப்பது தெரியும், போனால் போகட்டும். அடுத்த வருஷமும் ஜனவரி வரும். சுவீடனில் 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் பந்தயம் ஒன்று உண்டு. அதில் அதிகத் தடவை கலந்துகொண்டவர்களுக்கும் வேகமாக முடித்தவர்களுக்கும்தான் இந்தத் துடிப்புக் கோளாறு கூடுதலாக வந்ததாம். உடம்புக்கு ஓடு, மெடலுக்கு ஓடாதே.

ரொம்பத் திட்டிவிட்டேனோ? நம் வகையறாவில் உன்னைப் போல் ஓடுகிற பிள்ளை யார் இருக்கிறார்கள்? நீ மெடலோடு நிற்கும் போட்டோ கல்லாவுக்கு மேலேதான் மாட்டியிருக்கிறது. சீட்டு நீட்டுகிற எல்லோரிடமும் என் மருமகன் என்று சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் துணைக்கு நானே வந்து படுக்கிறேன். பணத்துக்குக் கூச்சப்படாதே. அத்தை கடலைமிட்டாய் கொடுத்துவிடுகிறாள், டாக்டருக்கும் சேர்த்து.

தேதி குறித்ததும் முதல் போன் எனக்குப் போடு.

அன்புடன்,
மாமா