சாட்பாட் உங்கள் மனத்தைப் புரிந்துகொள்கிறதா?



சில மாதங்களுக்கு முன், படிவம் நான்கு மாணவி ஒருத்தி ஓய்வு நேரத்தில் அறிவியல் கூடத்திலேயே உட்கார்ந்திருப்பதைக் கவனித்தேன். ஒரு நாள் இல்லை, ஒரு வாரமாக.

“கேண்டீனுக்குப் போகலையாம்மா?” என்று கேட்டேன்.

“பசிக்கல டீச்சர்.”

அடுத்த நாளும் அருகில் போய் உட்கார்ந்தேன். மெல்லப் பேசினாள். இரவில் தூக்கம் வருவதில்லையாம். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லையாம். “ராத்திரி ஏஐ-கிட்டதான் பேசுவேன் டீச்சர். அது மட்டும்தான் திட்டாம கேக்குது.”

அவளுடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அவள் சொன்னதில் பொய் இல்லை. சாட்பாட் திட்டாது, சலிப்படையாது, இரவு இரண்டு மணிக்கும் பதில் சொல்லும். ஆனால், அது உண்மையில் ‘கேட்கிறதா’? இந்த வாரம் இதை அறிவியல் முறையில் ஆராய்வோம்.

முதல் சாட்பாட்: எலிசா

இந்தக் கதை 1966-இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜோசப் வைசன்பாம் என்ற கணினி அறிஞர், எலிசா என்ற நிரலைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை அந்த ஆண்டில் வெளியிட்டார். அதன் புகழ்பெற்ற வடிவம், நோயாளியிடம் பேசும் மனநல மருத்துவரைப் போல நடித்தது.

எலிசாவுக்கு எந்தச் சொல்லின் பொருளும் தெரியாது. நீங்கள் தட்டச்சு செய்த வாக்கியத்தில் முக்கியச் சொல் ஒன்றைத் தேடும். ‘நான்’ என்பதை ‘நீங்கள்’ என மாற்றும். உங்கள் வாக்கியத்தையே கேள்வியாக்கித் திருப்பித் தரும். எந்தச் சொல்லும் பிடிபடாவிட்டால், ‘மேலே சொல்லுங்கள்’ என்கிற மாதிரியான பொதுவான பதிலைத் தரும்.

இவ்வளவு எளிய நிரல்தான். ஆனால், நடந்தது வைசன்பாமையே திகைக்க வைத்தது. அவருடைய செயலாளர், அவர் அந்த நிரலை மாதக்கணக்கில் உருவாக்கியதை அருகிலிருந்து பார்த்தவர். அது வெறும் நிரல் என்று நன்றாகத் தெரிந்தவர். அவரே எலிசாவிடம் சில வரிகள் பேசியதும், வைசன்பாமை அறையை விட்டு வெளியே போகச் சொன்னாராம்! வைசன்பாம் 1976-இல் வெளியிட்ட நூலில் இதைக் குறிப்பிட்டுள்ளார். இயந்திரம் நம்மைப் புரிந்துகொள்கிறது என்று நம் மனம் தானாகவே நம்பிவிடும் இந்த இயல்புக்கு ‘எலிசா விளைவு’ என்று பெயர்.

செய்து பாருங்கள்

நண்பர் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். கணினி தேவையில்லை. ஒருவர் சின்ன விஷயம் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும். மற்றவர் ‘தாள் எலிசா’. கீழே உள்ள விதிகளை மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்துவதை மட்டும் பதிலாகச் சொல்ல வேண்டும். சொந்தமாக யோசிக்கக் கூடாது.

விதி 1: அம்மா, அப்பா, அண்ணன், தங்கை போன்ற சொல் வந்தால், “உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்.”

விதி 2: ‘எப்போதும்’ அல்லது ‘எல்லாரும்’ வந்தால், “ஓர் எடுத்துக்காட்டு சொல்ல முடியுமா?”

விதி 3: வாக்கியம் ‘... ஆக இருக்கிறது’ என்று முடிந்தால், “எவ்வளவு நாளாக அப்படி இருக்கிறது?”

விதி 4: எதுவும் பொருந்தாவிட்டால், “ம்... மேலே சொல்லுங்கள்.”

“தேர்வை நினைத்தால் பயமாக இருக்கிறது” என்று சொல்லிப் பாருங்கள். “எவ்வளவு நாளாக அப்படி இருக்கிறது?” என்ற பதில் வரும். அக்கறையான ஒருவர் கேட்பதைப் போலவே இருக்கும். இப்போது, “இந்த நாசி லெமாக் சுவையாக இருக்கிறது” என்று சொல்லுங்கள். அதே கேள்விதான் வரும்! விதி மாறவில்லை. முதல் முறை அதில் அக்கறையைச் சேர்த்தது உங்கள் மனம்தான்.

இன்றைய சாட்பாட் வேறு மாதிரி

இன்றைய சாட்பாட்டுகள் இப்படி நான்கு விதிகளில் இயங்குவதில்லை. மிகப் பெரிய அளவு எழுத்துகளைக் கொண்டு அவை பயிற்றுவிக்கப்படுகின்றன. இதுவரை வந்த சொற்களுக்குப் பிறகு எந்தச் சொல் வர அதிக வாய்ப்பு உண்டு என்று கணித்து, ஒவ்வொரு துண்டாகப் பதிலைக் கட்டுகின்றன. அதனால்தான் அவற்றின் பதில் எலிசாவின் பதிலைவிடப் பல மடங்கு இயல்பாக இருக்கிறது.

பின்னர், மனிதர்கள் எந்தப் பதிலை விரும்புகிறார்கள் என்று பார்த்து அவற்றை மேலும் திருத்துகிறார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. நமக்குப் பிடித்த பதிலும் நமக்குத் தேவையான பதிலும் எப்போதும் ஒன்றாக இருக்காது. 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியின் புதுப்பிப்பு ஒன்றைத் திரும்பப் பெற்றது. பயனர் சொல்வதற்கெல்லாம் அளவுக்கு மீறித் தலையாட்டிப் புகழ்ந்ததே காரணம். “என்னை யாருக்கும் பிடிக்காது” என்று வருந்தும் ஒருவருக்குத் தலையாட்டும் தோழன் நல்ல தோழன் அல்ல, இல்லையா?

அப்படியானால் பயனே இல்லையா?

உண்டு. 2017-இல் வோபாட் என்ற சாட்பாட்டை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. 18 முதல் 28 வயதுக்குட்பட்ட 70 பேர் கலந்துகொண்டனர். ஒரு குழு இரண்டு வாரம் வோபாட்டிடம் பேசியது. மற்றக் குழுவுக்கு மனச்சோர்வு பற்றிய மின்னூல் கொடுக்கப்பட்டது. தொடக்கப் பள்ளியில் படித்த மாறிகள் நினைவிருக்கிறதா? இங்கே தற்சார்பு மாறி, கொடுக்கப்பட்ட உதவியின் வகை. சார்பு மாறி, மனச்சோர்வின் அளவு. வோபாட் குழுவில் மனச்சோர்வு குறைந்தது. மின்னூல் குழுவில் அந்த அளவு குறையவில்லை.

ஆனால், முடிவைக் கவனமாக எழுத வேண்டும். இரண்டு வாரம்தான், 70 பேர்தான், எல்லாரும் 18 வயது நிரம்பியவர்கள். அதோடு, வோபாட் வல்லுநர்கள் முன்கூட்டியே எழுதிச் சரிபார்த்த வசனங்களைத்தான் பேசியது. ஆகவே, ‘எந்தச் சாட்பாட்டும் எந்த மாணவருக்கும் உதவும்’ என்று இதிலிருந்து முடிவு செய்ய முடியாது.

எதிர்மாறான சம்பவமும் உண்டு. 2023-இல் அமெரிக்காவில், உணவுப் பழக்கச் சீர்குலைவால் அவதிப்படுவோருக்காக ஒரு சங்கம் டெஸ்ஸா என்ற சாட்பாட்டைப் பயன்படுத்தியது. உடல் எடையைக் குறைக்க அது ஆலோசனை சொல்லத் தொடங்கியது. பொதுவாகப் பார்த்தால் சாதாரண ஆலோசனைதான். ஆனால், அந்த நோய் உள்ளவருக்கு அதுவே ஆபத்து. அந்தச் சாட்பாட் உடனே நிறுத்தப்பட்டது.

தட்டச்சு செய்யாதது

என் மாணவியிடம் திரும்பி வருவோம். சாட்பாட் அவளுக்கு மூச்சுப் பயிற்சியும், தூங்கும் முன் கைப்பேசியைத் தள்ளி வைக்கும் யோசனையும் சொல்லியிருந்தது. நல்ல யோசனைகள்தான். ஆனால், அவள் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அதற்குத் தெரியாது. அவள் அதைத் தட்டச்சு செய்யவே இல்லை. கேண்டீனில் அவளுடைய இடம் காலியாக இருப்பதையும் அது பார்க்க முடியாது.

பள்ளி ஆலோசக ஆசிரியர் உங்கள் சொற்களை மட்டும் கேட்பதில்லை. முகத்தையும், குரலையும், நீங்கள் சொல்லாமல் விட்டதையும் கவனிக்கிறார். தேவைப்பட்டால் பெற்றோரிடம் பேசுவார், மருத்துவரிடம் அனுப்புவார், அடுத்த வாரம் தேடி வந்து கேட்பார். மலேசியாவில் 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி, ஆலோசகராகத் தொழில் செய்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். உங்கள் உயிருக்கு ஆபத்து என்பது போன்ற நிலை தவிர, நீங்கள் சொல்வதை இரகசியமாகக் காப்பதும் அவருடைய தொழில் கடமை. நீங்கள் செயலியில் எழுதுவதோ ஒரு நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. அங்கே சேமிக்கவும் படலாம்.

ஆகவே, நினைவில் வையுங்கள்:

1. மனத்தில் இருப்பதை வரிசைப்படுத்தவும், பெரியவரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று ஒத்திகை பார்க்கவும் சாட்பாட் உதவலாம்.

2. பெயர், பள்ளி, முகவரி போன்ற விவரங்களை அதில் எழுத வேண்டாம்.

3. தூக்கமின்மை, பசியின்மை, ஓயாத கவலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், கட்டாயம் ஒரு மனிதரிடம் சொல்லுங்கள்.

4. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். அருகில் இருக்கும் பெரியவரிடம் உடனே சொல்லுங்கள். ஹீல் 15555, தாலியான் காசே 15999, பிஃபிரெண்டர்ஸ் 03-7627 2929 ஆகிய எண்களையும் அழைக்கலாம்.

அன்று அவளும் நானும் ஆலோசக ஆசிரியரின் அறைக்குச் சேர்ந்து நடந்தோம். “நான் உள்ள வரணுமா, வெளியில இருக்கணுமா?” என்று கேட்டேன். “வெளியில இருங்க டீச்சர். ஆனா போயிடாதீங்க,” என்றாள். மணி அடிக்கும்வரை அங்கேயே இருந்தேன். இப்போது அவள் கேண்டீனில் தோழிகளோடு உட்காருகிறாள்.

சிந்திக்க

1. வோபாட் ஆய்வில் மின்னூல் குழு ஏன் தேவைப்பட்டது?

2. ‘தாள் எலிசா’ விளையாட்டில் எந்த இடத்தில் உங்களை அது புரிந்துகொண்டதாகத் தோன்றியது? ஏன்?

3. உங்கள் வகுப்பில் ஓய்வு நேரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பவர் யார்? இந்த வாரம் அவரிடம் என்ன கேட்பீர்கள்?