கல்லுள் உறையும் எண்ணெய்

'பெட்ரோலியம்' என்னுஞ் சொல், கல்லெனப் பொருள்படும் 'பெட்ரா', எண்ணெய் எனப் பொருள்படும் 'ஓலியம்' என்னும் இரண்டும் புணர்ந்து ஆயது. அப்பெயர் மிகப் பொருத்தமுடையதே. எண்ணெய் நிலத்தடியிற் குளம்போலத் தேங்கி நிற்பதன்று. கடற்பஞ்சில் நீர் நிற்குமாறு, மணற்கல்லின் நுண்டுளைகளில் நிறைந்து நிற்பதாம். போடிநாயக்கனூரை அடுத்த நம் பொட்டிபுரத்து மலையோ சார்னோகைட்டு என்னுஞ் செறிந்த பாறையால் ஆயது. அவ்வுறுதியுங் கருதியே, 2015-ஆம் ஆண்டு நடுவணரசு இசைவளித்த நியூட்ரினோ ஆய்வுக்கூடத்திற்கு அம்மலை தெரிந்தெடுக்கப்பெற்றது. அத்தகைய கல்லில் எண்ணெய் நிறைந்து தங்க இடமில்லை; நுண்டுளை மிக்க கல்லே அதற்கு உறையுளாம்.

கிணறு தோண்டிய தொடக்கத்தில் நிலத்தின் அழுத்தத்தால் எண்ணெய் தானே எழுதலுண்டு. அழுத்தங் குறைந்தபின், வேறு கிணறுகளின் வழியே நீரைச் செலுத்தி அதனைத் தள்ளுவர். ஆயினும் பாதிக்கு மேற்பட்ட எண்ணெய் பெரும்பாலுங் கல்லிலேயே தங்கிவிடுகின்றது. இதற்குக் காரணம் யாது? நம் ஏலமலைச் சரிவுகளில் இதனை ஒருவாறு காணலாம். சருகு மூடாத வெற்றுச் சரிவிற் பெய்யும் மழை, முன்னரே அறுத்த ஓடைவழியே விரைந்தோட, அருகிலுள்ள மண் நன்கு நனையாதொழியும். அவ்வாறே, மெல்லிய நீரும் தடித்த எண்ணெயை ஊடறுத்து, எளிய வழி கண்டு, எண்ணெய்க் கிணற்றை முந்தி அடைந்துவிடும். பின்னர் எத்துணை நீரைச் செலுத்தினும் அது பெரும்பாலும் அவ்வழியே செல்லும்.

ஆகலின், நீரைத் தடிப்பித்தலே தக்க உபாயமாயிற்று. இதற்குப் பெரிதும் பயன்படுவது பாலிஅக்ரிலமைடு வகையைச் சார்ந்த பாலிமர். அதன் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலி போன்றவை. அவை நீரில் விரிந்து பின்னுதலால், சிறிதளவே இட்டாலும் நீர் பாகுபோலாகும். அந்நீர் முந்தியோடாது, எண்ணெயை முன்னே தள்ளிப் பரந்து செல்லும். நீரில் உப்பு மிகின் சங்கிலிகள் சுருண்டு, தடிப்புக் குறையும். ஆதலின் உப்பளவை முன்னரே ஆராய்தல் வேண்டும்.

இராசத்தானத்துப் பார்மேர் படுகையிலுள்ள மங்களா வயல் 2004-ஆம் ஆண்டு கண்டறியப்பெற்றது. 2009-இல் அங்கு எண்ணெய் எடுக்கத் தொடங்கினர். அவ்வெண்ணெய் மெழுகு மிக்கது. நீரினும் பன்மடங்கு தடித்தது. முதற்கண் ஒரு சிறு பகுதியிற் சோதனை செய்து, 2015-ஆம் ஆண்டளவில் பாலிமர் நீரைப் பேரளவிற் செலுத்தலாயினர். இம்முறையை உலகிற் பெருமளவிற் கையாண்ட வயல்களுள் இஃதொன்று.

இதில் இடர்களும் உள. பாலிமர் விலையுடைய பொருள். அஃது எண்ணெயோடு மேலெழும் நீரிலுங் கலந்து வருதலின், எண்ணெயைப் பிரித்தல் கடினமாகும். எனினும், தனக்கு வேண்டுங் கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கிற்கு மேல் அயல்நாடுகளினின்று வாங்கும் நம் நாட்டிற்கு, கண்ட வயலிற் பாதியைக் கல்லிலே விட்டு அகல்தல் பேரிழப்பாம். விரைந்து தள்ளுதலினும் பரந்து தள்ளுதலே பயன்தரும் என்னும் இவ்வறிவு, அவ்விழப்பைக் குறைக்க நமக்குக் கிடைத்ததொரு வழியாகும்.