சித்தூரில் வீடு, திருப்பதியில் வேலை, நடுவே இரண்டு பையன்கள்

வேலைக்குப் போகும் தாய்க்கு வீடும் அலுவலகமும் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா." அப்படியே அனுசரித்துப் போகிறவர்களில் பலர் இரண்டாவது பிள்ளை பிறந்ததும் ஒரு நாள் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடுகிறார்கள். வேலையில் நிலைத்து நிற்பவர்களைப் பாருங்கள். சட்டம் தருவது என்ன என்று தெரிந்துவைத்திருப்பார்கள். நேரத்தை வாய்விட்டுக் கேட்டு வாங்கியிருப்பார்கள். வீட்டு வேலையைப் பங்குபோட்டிருப்பார்கள். இந்தக் கட்டுரை சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் வேலை பார்க்கும் கிறிஸ்தவத் தாய்மார்களுக்காக, அதிலும் பள்ளிக்குப் போகும் வயதில் இரண்டு பையன்களை வைத்திருப்பவர்களுக்காக.

நம் பகுதியில் கிறிஸ்தவப் பெண் சம்பளத்துக்கு வேலை செய்வது புதிதல்ல. 1853-இல் தொடங்கிய ஆற்காடு மிஷன் சித்தூரிலும் மதனப்பள்ளியிலும் பெண்களைப் படிக்க வைத்தது. வேலூரில் மருத்துவர் ஐடா ஸ்கடர் 1918-இல் பெண்களுக்காக மருத்துவப் பள்ளியைத் திறந்தார். இந்த ஊர்களின் ஆசிரியைகளும் நர்ஸ்களும் நான்கைந்து தலைமுறையாகப் பிள்ளைகளையும் வளர்த்து வேலையையும் பார்த்தவர்கள். அவர்கள் கையில் இல்லாத சட்டங்கள் இன்று நம் கையில் இருக்கின்றன.

முதலில் தூரத்தை முடிவு செய்யுங்கள்

சித்தூரிலிருந்து திருப்பதி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். பஸ்ஸில் போக ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. வீட்டிலிருந்து நிறுத்தத்துக்கும், இறங்கிய பின் வேலையிடத்துக்கும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் தினமும் நான்கு மணி நேரம் வழியிலேயே போய்விடும். பாகாலா வழியாக ரயிலும் உண்டு. அதன் நேரம் உங்கள் டியூட்டி நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2025 ஆகஸ்ட் 15 முதல் ஆந்திராவில் 'ஸ்த்ரீ சக்தி' திட்டத்தின் கீழ் பல்லெவெலுகு, அல்ட்ரா பல்லெவெலுகு, சிட்டி ஆர்டினரி, மெட்ரோ எக்ஸ்பிரஸ், எக்ஸ்பிரஸ் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாநில முகவரி உள்ள ஆதார், வாக்காளர் அட்டை அல்லது ரேஷன் கார்டைக் காட்டினால் போதும். நான்-ஸ்டாப் பஸ்களுக்கும் மாநில எல்லை தாண்டும் பஸ்களுக்கும் இது பொருந்தாது. எனவே சித்தூரிலிருந்து வேலூருக்கு வேலைக்குப் போகும் நர்ஸுக்கு இந்தச் சலுகை கிடையாது. மாலை டியூட்டி முடிந்து பையன்களிடம் திரும்பும்போது மட்டும் காசு கொடுத்து நான்-ஸ்டாப்பில் ஏறுவது வீண்செலவு ஆகாது. அந்த அரை மணி நேரம் வீட்டுப்பாடத்துக்கு உதவும்.

எந்த ஊரில் குடியிருப்பது என்ற கேள்வி வரும்போது வாடகையை முதலில் பார்க்காதீர்கள். மூன்றரை மணிக்குப் பள்ளி விட்டால் ஆறரை வரை பிள்ளைகள் யாரிடம் இருப்பார்கள்? அந்த ஆள் சித்தூரில் இருந்தால் வீடும் சித்தூரிலேயே இருக்கட்டும். பாட்டியோ சித்தியோ இல்லையென்றால் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் விசாரியுங்கள். அதே தெருவில் வீட்டிலிருக்கும் ஒரு சகோதரிக்கு மாதச் சம்பளம் பேசி அந்த மூன்று மணி நேரத்தை ஒப்படைக்கலாம். இலவசமாகக் கேட்டால் இரண்டு மாதத்தில் மனத்தாங்கல் வரும். பணம் கொடுத்தால் அவருக்கும் வருமானம், உங்களுக்கும் நிம்மதி.

விண்ணப்பிக்கும் முன் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள்

ஒன்று, தேவஸ்தான வேலை. திருப்பதியில் வேலை என்றதும் எல்லோர் மனதிலும் வருவது திருமலை திருப்பதி தேவஸ்தானம். அதன் பணி விதிகள் நியமனத்தை இந்துக்களுக்கு மட்டுமே வைத்திருக்கின்றன. சமய நிறுவனங்கள் அப்படி விதி வைத்துக்கொள்ள அரசியலமைப்பின் 16(5) பிரிவு இடம் தருகிறது. தேவஸ்தானம் நடத்தும் கல்லூரி, மருத்துவமனைப் பணி அறிவிப்புகளிலும் தகுதிப் பகுதியை முழுதாகப் படித்த பிறகே கட்டணம் கட்டுங்கள். திருப்பதியில் வேறு கதவுகள் நிறைய உண்டு. ஐ.ஐ.டி., ஐசர், ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், அரசு மருத்துவமனைகள், ரேணிகுண்டாவின் மின்னணு ஆலைகள், கரகம்பாடியில் அமர ராஜா, சத்தியவேடு பக்கம் ஸ்ரீசிட்டி. சித்தூர் பக்கம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) வளாகமும் இருக்கிறது.

இரண்டு, சாதிச் சான்றிதழ். ஆந்திராவில் பட்டியல் சாதியிலிருந்து (எஸ்.சி.) கிறிஸ்தவத்துக்கு மாறியவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பிற்படுத்தப்பட்டோருக்கான பி.சி.-சி பிரிவில் வருகிறார்கள். மாநில இடஒதுக்கீடு 1 சதவீதம். பழைய எஸ்.சி. சான்றிதழைக் காட்டி வேலை வாங்கினால் பின்னால் வேலையே பறிபோகலாம். ஞானஸ்நானம் பெற்ற புதுச்சேரிப் பெண் ஒருவர் வேலைக்காக எஸ்.சி. சான்றிதழ் கேட்ட வழக்கை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தலித் கிறிஸ்தவர்களுக்கு எஸ்.சி. தகுதி வேண்டும் என்ற நியாயமான கோரிக்கை அதே நீதிமன்றத்தில் பல ஆண்டுகளாக நிலுவையில் இருக்கிறது. தீர்ப்பு வரும்வரை உங்கள் பெயரிலும் பையன்கள் பெயரிலும் சரியான சான்றிதழை வாங்கி வையுங்கள்.

உங்களுக்கு உரிய விடுப்பு எது?

மகப்பேறு விடுப்பு: 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2017-இல் வந்த திருத்தம் முதல் இரண்டு பிள்ளைகளுக்கும் தலா 26 வாரச் சம்பளத்துடன் கூடிய விடுப்பைத் தந்தது. பிரசவத்துக்கு முந்திய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். விடுப்பில் இருக்கும்போது வேலையிலிருந்து நீக்குவது சட்டவிரோதம். 2025 நவம்பர் 21 முதல் இதன் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. 26 வாரம் அதிலும் அப்படியே தொடர்கிறது.

காப்பகம்: 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட இரண்டு இடைவேளைகள் உண்டு. "இங்கே யாரும் கேட்டதில்லை" என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். நாலு தாய்மார்கள் சேர்ந்து எழுதிக் கொடுங்கள்.

இ.எஸ்.ஐ.: மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்கும் ஆலைத் தொழிலாளிக்கு மகப்பேற்றுக் காலச் சம்பளத்தை இ.எஸ்.ஐ. தருகிறது. உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள். பிடித்தம் இல்லையென்றால் இன்றே கேட்டுவிடுங்கள். பிரசவ நேரத்தில் கேட்டால் காலம் கடந்திருக்கும்.

பிள்ளை பராமரிப்பு விடுப்பு: ஆந்திர அரசுப் பணியில் இருக்கும் பெண்களுக்கு மொத்தப் பணிக்காலத்தில் 180 நாள். ரயில்வே, தபால் போன்ற மத்திய அரசுப் பணிகளில் 730 நாள். முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365 நாளுக்கு 80 சதவீதம். இதைச் சின்னச் சளிக்கெல்லாம் செலவழிக்காதீர்கள். பெரியவன் பத்தாம் வகுப்புக்குப் போகும் ஆண்டுக்கும், ஒருவனுக்கு நீண்ட காய்ச்சல் வரும் வாரத்துக்கும் மிச்சம் வையுங்கள். சளி, இருமலுக்கு சி.எல். (தற்செயல் விடுப்பு) இருக்கிறது. ஆந்திர அரசுப் பெண் ஊழியர்களுக்கு அதற்கு மேல் ஆண்டுக்கு 5 நாள் சிறப்பு சி.எல். உண்டு.

இரவு ஷிப்ட்: இரவு 7 மணிக்கு மேலும் காலை 6 மணிக்கு முன்பும் ஆலையில் பெண்ணை வேலைக்கு வைக்க அவளுடைய சம்மதம் வேண்டும். போய்வர வண்டியும் பாதுகாப்பும் நிறுவனத்தின் பொறுப்பு. கைக்குழந்தை இருக்கும்போது சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் கணவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

கேட்பது எப்படி?

மேலதிகாரியிடம் "பசங்க சின்னவங்க மேடம், கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அவருக்கு ரோஸ்டரில் எழுத ஒரு வரி வேண்டும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"சிஸ்டர், சின்னவனுக்கு யு.கே.ஜி. முடியறவரைக்கும், ஏப்ரல் கடைசி வரை, எனக்கு மார்னிங் டியூட்டி வேணும். அதுக்குப் பதிலா மாசத்துல இரண்டு சனி, ஞாயிறு நைட் நான் எடுத்துக்கறேன். சனி, ஞாயிறுல பசங்கள அவங்கப்பா பாத்துக்குவாரு. லெட்டர் எழுதிக் கொண்டாந்திருக்கேன்."

இதில் நான்கு விஷயங்கள் இருக்கின்றன: என்ன வேண்டும், எதுவரை வேண்டும், பதிலுக்கு என்ன தருவீர்கள், எழுத்தில் ஒரு தாள். முடிவு தேதி சொன்னால் எதிரில் இருப்பவருக்குப் பயம் குறையும். வாய்ப்பேச்சோடு நின்ற ஏற்பாடு இன்சார்ஜ் மாறிய அன்றே போய்விடும். ஆகவே தாளின் நகலில் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறும் கிறிஸ்துமஸும்

மருத்துவமனைக்கும் மூன்று ஷிப்ட் ஆலைக்கும் ஞாயிறு கிடையாது. மாதத்தில் எல்லா ஞாயிறும் வேண்டும் என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். திருவிருந்து ஞாயிறைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். மற்ற வாரங்களில் அதிகாலை ஆராதனைக்கோ மாலை ஆராதனைக்கோ போகலாம். நீங்கள் டியூட்டியில் இருக்கும் ஞாயிறு பையன்களை ஓய்வுநாள் பள்ளிக்கு அழைத்துப் போவது அப்பாவின் வேலை. வீட்டு ஜெபம் இரவு எட்டரைக்குப் பத்து நிமிடம் நடந்தாலும் போதும். ஒரு நாள் பெரியவன் வாசிக்கட்டும், மறுநாள் சின்னவன் ஜெபிக்கட்டும். தினமும் நடப்பதுதான் முக்கியம்.

கிறிஸ்துமஸ் விடுப்பை அக்டோபரிலேயே எழுதிக் கொடுங்கள். டிசம்பர் கடைசியும் ஜனவரி முதல் வாரமும் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தால் திருப்பதியின் பஸ்களும் மருத்துவமனைகளும் நிரம்பி வழியும் காலம். கடைசி நேரத்தில் யாருக்கும் விடுப்புத் தர மனம் வராது. புரட்டாசி சனிக்கிழமைக்கும் உகாதிக்கும் ரம்ஜானுக்கும் தோழிகளின் டியூட்டியை நீங்கள் முன்வந்து எடுத்துக்கொண்டால், டிசம்பர் 25 அன்று உங்கள் இடத்தில் நிற்க ஆள் இருப்பார். அரசு ஊழியர்களுக்குப் பொது விடுமுறைகளோடு ஆண்டுக்கு ஐந்து விருப்ப விடுமுறைகளும் உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் பட்டியலைப் பார்த்து உங்கள் நாட்களைக் குறித்துவிடுங்கள்.

கோடை: தாய்க்கு வேலை, பையன்களுக்கு லீவு

ஏப்ரல் கடைசியில் மூடும் பள்ளிகள் ஜூன் 12 வாக்கில் திறக்கும். சித்தூர்ச் சுற்றுவட்டாரத்தில் பெங்களூரா மாங்காய் வரத்து தொடங்கி, கூழ் ஆலைகள் ஆள் தேடுவதும் இந்தக் காலத்தை ஒட்டித்தான். பருவகால வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு இந்தச் சில வாரங்களில் வருகிறது.

இந்த ஆறேழு வாரத்தையும் மொத்தமாக நினைத்து மலைக்காமல் துண்டு துண்டாகப் பிரியுங்கள். சபையின் விடுமுறை வேதாகமப் பள்ளி பத்து நாள் வரை காலை நேரத்தைப் பார்த்துக்கொள்ளும். தாத்தா வீடு இரண்டு வாரம். கணவருடைய விடுப்பு ஒரு வாரம், உங்களுடையது ஒரு வாரம். இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். மீதி நாட்களுக்கு மூன்று நான்கு வீட்டுத் தாய்மார்கள் முறைவைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். மார்ச்சிலேயே இந்த அட்டவணை தயாராகட்டும்.

பள்ளி திறக்கும்போது ஆந்திர அரசின் திட்டத்தில் வரும் 'தல்லிகி வந்தனம்' தொகையையும் கணக்கில் வையுங்கள். 2025 முதல், தகுதியுள்ள குடும்பத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 13,000 ரூபாய் தாயின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. இரண்டு பையன்களுக்கு 26,000. வருமான வரம்பு உண்டு, 75 சதவீத வருகையும் வேண்டும். இது உங்கள் கணக்குக்கு வரும் பணம். பீஸும் புத்தகமும் போக மீதியை மாலை நேரத்தில் பையன்களைப் பார்த்துக்கொள்பவருக்கு ஒதுக்குங்கள்.

பையன்களுக்கும் வீட்டு வேலை உண்டு

நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரத்துப் பெண்ணைப் பற்றிப் பிரசங்கம் கேட்காத கிறிஸ்தவத் தாய் இருக்க மாட்டாள். விடியுமுன் எழுகிறாள், நிலம் வாங்குகிறாள், நெய்து விற்கிறாள். அவளுக்கு உதவ வேலைக்காரிகள் இருந்தார்கள் என்பதும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. அவள் கணவனும் பிள்ளைகளும் அவள் உழைப்பை வாய்திறந்து பாராட்டுகிறார்கள். தனியாகச் சுமக்கும்படி அந்த அதிகாரம் எந்தப் பெண்ணையும் கேட்கவில்லை.

ஐந்து வயதுப் பையனால் தன் ஷூவை ஓர் இடத்தில் வைக்க முடியும், தண்ணீர் பாட்டில் நிரப்ப முடியும், தட்டைக் கழுவப் போட முடியும். எட்டு வயதுப் பையனால் துணி மடிக்க முடியும், பூண்டு உரிக்க முடியும், மறுநாள் டைம்டேபிள் பார்த்துப் பை அடுக்க முடியும். பத்து வயதில் மேற்பார்வையோடு சோறு வைக்கப் பழக்கலாம். "ஆம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்" என்று மாமியார் சொன்னால் சண்டை வேண்டாம். "நாளைக்கு ஹாஸ்டலுக்குப் போனா இவனுக்குத்தான் உதவும் அத்தை" என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள். கணவர் ஒரு நேரத்துச் சமையலை முழுதாக எடுத்துக்கொள்ளட்டும். காய் வாங்குவது முதல் பாத்திரம் கழுவுவது வரை. அப்பா செய்வதைப் பார்த்துத்தான் பையன்கள் கற்பார்கள்.

இடைவெளிக்குப் பின் திரும்புகிறவர்கள்

சில ஆண்டுகள் வீட்டில் இருந்தவர்கள் கதவு மூடிவிட்டதாக நினைக்க வேண்டாம். ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் சான்றிதழ் இப்போது ஆயுள் முழுவதும் செல்லும். 2025-இல் 'மெகா டி.எஸ்.சி.' என்ற ஆசிரியர் நியமனத் தேர்வில் மட்டும் ஆந்திரா 16,347 ஆசிரியர் இடங்களை அறிவித்தது. நர்ஸ்கள் முதலில் கவுன்சில் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் "ஏன் இடைவெளி?" என்று கேட்டால் தலை குனியாதீர்கள். "இரண்டு பிள்ளைகளை வளர்த்தேன். இப்போது இருவரும் பள்ளிக்குப் போகிறார்கள், மாலை வரை பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்திருக்கிறேன்" என்று நேராகச் சொல்லுங்கள். கேட்பவர் தெரிந்துகொள்ள விரும்புவது அந்தக் கடைசி வரியைத்தான்.

இந்த வாரமே மூன்று காரியங்களைச் செய்துவிடுங்கள். நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டையும் எடுத்து உங்களுக்கு உரிய விடுப்பு எது என்று எழுதுங்கள். மூன்றரையிலிருந்து ஆறரை வரை பையன்கள் யாரிடம் இருப்பார்கள் என்பதற்கு இரண்டு பெயர்களைக் குறியுங்கள்; ஒருவர் வராத நாளுக்கு மற்றவர். பிறகு, முடிவு தேதி போட்ட ஒரு கோரிக்கைக் கடிதத்தை மேலதிகாரியின் மேசையில் வையுங்கள். உங்கள் சம்பளம் அந்தப் பையன்களின் படிப்பு, உங்கள் வயோதிகத்தின் பாதுகாப்பு, உங்கள் திறமைக்கு மரியாதை. அதை விட்டுவிடும் முன் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிடுங்கள்.