‘ஸ்டைஃபிள்’ எங்கே பொருந்தும்?

‘ஸ்டைஃபிள்’ என்ற ஆங்கில வினைக்கு அகராதியில் அடக்கு, ஒடுக்கு, மூச்சுத்திணறச் செய் என்று வரிசையாகப் பொருள் இருக்கும். அதை மட்டும் நம்பிப் போட்டித்தேர்வுக் கட்டுரையிலோ அலுவலக மின்னஞ்சலிலோ போட்டுவிடாதீர்கள். எதை அடக்குகிறோம் என்பதைப் பொறுத்து இதன் தொனியே மாறிவிடும்.

கொட்டாவி, சிரிப்பு, தும்மல், விம்மல் என்று வெளியே வரத் துடிப்பதை நாமே அடக்கிக்கொண்டால் அது ஸ்டைஃபிள். இதில் யார்மீதும் குறை இல்லை, தயங்காமல் எழுதலாம்.

போட்டி, விவாதம், படைப்பாற்றல், எதிர்ப்புக் குரல் ஆகியவற்றோடு சேரும்போதுதான் கண்டனம் ஏறுகிறது. வளர வேண்டியதை வளரவிடாமல் அமுக்கிவிட்டார்கள் என்று பொருள். ஆகவே, அரசு ஊழலை ஒடுக்கியது என்று பாராட்ட இந்த வினை உதவாது. அங்கே ‘கர்ப்’ வேண்டும். கலவரத்தை அடக்கினால் ‘க்வெல்’ அல்லது ‘சப்ரெஸ்’. மேலதிகாரிக்கு எழுதும்போது இன்னும் கவனம் தேவை. புதிய விதி இளைய ஊழியர்களின் முனைப்பை ஸ்டைஃபிள் செய்கிறது என்று எழுதினால், அவர் அதைக் குற்றச்சாட்டாகத்தான் படிப்பார். வேலை தாமதமாகிறது என்பதே உங்கள் கருத்தானால் ‘ஸ்லோ டவுன்’ போதும். உண்மையிலேயே முனைப்பு செத்துக்கொண்டிருக்கிறது என்றால் துணிந்து இதையே எழுதுங்கள். அந்த இடத்துக்கு இதைவிட நல்ல சொல் எனக்குத் தெரிந்து இல்லை.

‘ஸ்டைஃபிளிங்’ என்று வெப்பத்தையும் சொல்வார்கள். எல்லா வெப்பத்தையும் அல்ல. காற்றே அசையாமல் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும் சென்னைப் புழுக்கத்துக்கு அது கச்சிதம். வேலூரில் நடுப்பகலில் சுட்டெரிக்கும் வெயிலுக்கு ‘ஸ்கார்ச்சிங்’ என்றே எழுதுங்கள்.

மூச்சுத்திணறலைச் சொல்லும்போதும் இடத்துக்கேற்ற சொல் வேண்டும். மீன்முள் தொண்டையில் சிக்கினால் ‘சோக்’. கழுத்தை நெரித்தால் ‘ஸ்ட்ராங்கிள்’. முகத்தைத் தலையணையால் அமுக்கினாலும், தீயைக் கம்பளி போர்த்தி அணைத்தாலும் ‘ஸ்மதர்’.

உச்சரிப்பிலும் பலர் தடுமாறுகிறார்கள். ‘ரைஃபிள்’ போல ஸ்டைஃபிள், ‘ஸ்டிஃபிள்’ அல்ல. எழுத்துக்கூட்டும்போது ஒரே ஒரு எஃப்தான். ‘ஸ்னிஃபிள்’ என்ற சொல்லில் இரண்டு எஃப் வருவதால்தான் ஒலி குறுகுகிறது.