சேணம் பொருந்தாத குதிரை

சென்ற மாதம் ஞாயிறு வகுப்பில் மஜ்ஜிம நிகாயத்திலுள்ள பத்தாலி சூத்திரத்தை விளக்கிக்கொண்டிருந்தோம். தேர்ந்த குதிரைப் பழக்குநன் ஒருவன் நல்ல குட்டி ஒன்றைப் பெற்று, முதலில் அதற்குக் கடிவாளம் பழக்குகிறான் என்பது பகவான் அங்கே காட்டும் உவமை. முன் செய்தறியாத செயலாதலின் குட்டி நெளியும், முரண்டும். திரும்பத் திரும்பச் சிறிது சிறிதாகப் பழக்கவே அமைதி பெறும். அதன் பின்னரே நுகம். அதன் பின்னரே வட்டத்தில் ஓடுதல் முதலியன. இவ்விடத்தில் சிறுவன் ஒருவன் எழுந்து, "ஐயா, குட்டி முரண்டுவது பழக்கமின்மையாலா, வலியாலா? பழக்குநனுக்கு அஃது எப்படித் தெரியும்?" என்று கேட்டான்.

நமக்கு விடை தெரியவில்லை. குதிரையை வண்டியில் பூட்டக் கண்டதன்றி வேறொன்றும் நாம் அறியோம். அடுத்த வாரம் சொல்வதாகக் கூறி அனுப்பிவிட்டு, அக்கலையைப் பற்றிய நூல்களைத் தேடிப் படித்தோம். ஒரு வாரம் போதவில்லை. ஒரு மாதம் ஆயிற்று. படித்ததையே இங்குப் பாடமாகத் தருகிறோம்.

ஏறிச் செலுத்தும் குதிரையைப் படிப்படியாகப் பழக்கும் கலைக்கு ஐரோப்பாவில் டிரெஸ்ஸாஜ் என்று பெயர். பயிற்றுவித்தல் என்பதே அப்பிரெஞ்சுச் சொல்லின் பொருள். கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே ஸெனபோன் என்னும் கிரேக்கத் தளபதி இதைப்பற்றி நூல் எழுதினார். வற்புறுத்தலால் செய்விக்கும் செயலைக் குதிரை உணர்ந்து செய்வதில்லை, அதில் அழகும் இராது என்பது அவர் கொள்கை. வியன்னா நகரத்து ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியின் வரலாறு 1565 முதல் தொடங்குகிறது. இன்றும் அங்கே வெண்குதிரைகள் பழக்கப்படுகின்றன. 1912-இல் இக்கலை ஒலிம்பிக் போட்டியில் சேர்ந்தது. 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட களத்தில் குதிரை நடக்கிறது, வட்டமிடுகிறது, பக்கவாட்டில் நகர்கிறது, நின்ற இடத்திலேயே தாளம் தவறாமல் கால் மாற்றுகிறது. ஏறியிருப்பவர் என்ன குறிப்புக் காட்டினார் என்பது பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியலாகாது. அவசரப்பட்டு அடையும் நிலையன்று இது. குட்டிக்கு மூன்று அல்லது நான்கு வயதான பின்னரே முதுகில் ஆள் ஏறுவது. மிக உயர்ந்த வகுப்புப் போட்டியில் எட்டு வயதுக்குக் குறைந்த குதிரையை அனுமதிப்பதில்லை.

கண்ணுக்குத் தெரியாத அக்குறிப்பு எவ்வழிச் செல்கிறது? பெரும்பகுதி சேணத்தின் வழியே செல்கிறது. டென்மார்க் நாட்டு லிஸ் ஹார்ட்டெல் அம்மையாருக்கு 1944-இல் இளம்பிள்ளை வாதம் கண்டு, முழங்காலுக்குக் கீழ் இரு கால்களும் செயலற்றுப்போயின. குதிரைமேல் ஏறவும் இறங்கவும் பிறர் துணை வேண்டும். எனினும் 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்றார். 1956-இல் மீண்டும் வென்றார். காலால் இடித்து ஏவ இயலாதவர், உடலின் எடையைச் சற்றே மாற்றிவைத்துக் குதிரையோடு பேசினார். ஜூபிலி என்னும் அவருடைய குதிரை அதை முதுகால் கேட்டது.

இங்கு ஒன்றைச் சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. 1948 வரை இப்போட்டி இராணுவ அதிகாரிகளுக்கே உரியதாயிருந்தது. அவ்வாண்டு இலண்டனில் சுவீடன் நாட்டுக் குழு தங்கம் வென்றது. குழுவில் இருந்த கேநால் பெர்ஸன் உண்மையில் அதிகாரியல்லர், சார்ஜண்ட் என்று காரணங்காட்டி மறு ஆண்டு அவ்வெற்றியை நீக்கினர். குதிரை நன்றாகச் செய்ததா என்பதன்று கேள்வி. ஏறியிருந்தவன் யார் என்பதே! 1952-இல் பெண்களுக்கும் எல்லாப் படிநிலையினர்க்கும் வாயில் திறந்தபோது அதே பெர்ஸன் இடம்பெற்ற சுவீடன் குழுவே மீண்டும் தங்கம் வென்றது. நம் நாட்டினரும் 2023-இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் டிரெஸ்ஸாஜ் குழுத் தங்கம் வென்றனர்.

இனிச் சேணம். முதலில் துணி விரிக்காமல் வெற்று முதுகில் வைத்துப் பார்க்க வேண்டும். தோள்பட்டை எலும்பின்மேல் அது படியலாகாது. முன்காலை நீட்டும்போது அவ்வெலும்பு பின்னோக்கி நகரும். சேணம் அதைத் தடுத்தால் குதிரை எட்டைக் குறுக்கிக்கொள்ளும். பின்புறம் கடைசி விலாவைத் தாண்டலாகாது. அதற்கப்பால் சுமையைத் தாங்க விலாவின் துணையில்லை. முன்வளைவுக்கும் முதுகின் முன்மேட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். முதுகெலும்பின் நெடுகிலும் வாய்க்கால் போல இடைவெளி வேண்டும். முன்னும் பின்னும் மட்டும் பட்டு நடுவில் பாலம்போல் நிற்கும் சேணம், முழுச்சுமையையும் நான்கே இடத்தில் இறக்கிவிடும். இவ்வளவும் ஒரு குதிரைக்குப் பொருந்தினால் மற்றொன்றுக்குப் பொருந்தும் என்று கொள்ளற்க. ஒரே குதிரைக்குங்கூடப் பயிற்சியால் தசை வளர்ந்து முதுகின் வடிவு மாறும். சில மாதங்களுக்கொரு முறை மறுபடியும் பார்த்தாக வேண்டும்.

இதைப் படிக்கையில் நமக்குப் பஞ்சாலை நினைவு வந்தது. நாம் தறிப் பகுதியில் இருந்த நாளில் ஒரு முறை எல்லார்க்கும் தோல் காலணி கொடுத்தனர். வந்தவை இரண்டே அளவு. நம் பாதமோ அகலம். ஒரு வாரத்தில் குதிகால் புண்ணாயிற்று. தறிகளைச் சுற்றிவரும் நடை தளர்ந்தது. தடித்த காலுறை அணிந்தால் சரியாகும் என்று ஒருவர் சொல்ல, அணிந்து நோவைப் பெருக்கிக்கொண்டோம். மேஸ்திரி நம்மைச் சோம்பேறி என்று பதிவேட்டில் எழுதினார். காலணியைக் கழற்றிக் காட்டு என்று சொன்னவர் ஒருவருமிலர். குறுகிய சேணத்தின் அடியில் மேலும் ஒரு மெத்தைத் துணியைச் செருகுவோர் செய்வதும் அத்தடித்த காலுறையின் வேலையே.

வாய்க்கு வருவோம். குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லில்லாத வெறும் ஈறு உண்டு. கடிவாளத்தின் இரும்பு அங்கே, நாவின்மேல் கிடக்கிறது. இரும்பு தடித்திருந்தால் மென்மை என்பது பலர் எண்ணம். சிறுவாயும் தடித்த நாவும் உடைய குதிரைக்குத் தடித்த இரும்பு வாயை அடைத்துவிடும். அது நாவைப் பின்னிழுக்கும், வெளியே தள்ளும், பல்லை நெறிக்கும். நெற்றிப்பட்டை குட்டையானால் தலைவாரை இழுத்துக் காதின் அடியை அறுக்கும். யாவற்றினும் கொடிது மூக்குப்பட்டையை இறுக்குதல். பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பது பழைய விதி. அதை மீறி இறுக்குவது எதற்காக? வாய் பிளந்தால் நடுவர் மதிப்பெண் குறைப்பர். ஆகவே பிளக்க முடியாதபடி கட்டிவிடுகின்றனர். நோவு அப்படியே இருக்கிறது, சொல்லும் வாய் மட்டும் அடைபட்டது. விரலுக்கு விரல் பருமன் வேறுபடுவதால், இவ்விறுக்கத்தை அளக்கப் பொதுவான அளவுகருவி ஒன்றைச் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2025-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கழுத்தை வலிந்து மார்போடு மடக்கிப் பழக்குவது தகாது என்று 2010-இலேயே அக்கூட்டமைப்பு கூறிவிட்டது. சொன்ன பின்னும் அது முற்றும் ஒழிந்ததாகத் தெரியவில்லை.

சிறுவனுக்கு நாம் சொன்ன விடை இது. பழக்கமின்மையால் வரும் முரண்டு நாளுக்கு நாள் குறையும். வலியால் வருவது குறையாது; சேணத்தைக் கண்டவுடனே காதை மடக்குவதாகவும், வயிற்றுவாரை இறுக்குகையில் கடிக்கத் திரும்புவதாகவும், ஒரே பக்கம் திரும்ப மறுப்பதாகவும் நிலைத்துவிடும். ஐயம் தீரச் சேணத்தைக் கழற்றி, நீண்ட கயிற்றில் வட்டமாக ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். வெறும் முதுகோடு தாராளமாக ஓடினால் முதலில் சேணத்தின் குற்றத்தைத் தேட வேண்டும். அப்போதும் நொண்டினால் காலையும் பல்லையும் மருத்துவர் பார்க்கட்டும்.

"அதுவரை சவுக்கு?" என்றான். சவுக்கு ஆணியில் தொங்கட்டும் என்றோம்.

பழகிமுடிந்த குதிரையை அதன் பழக்குநன் தேய்த்து உருவிவிடுவதாகவும் அச்சூத்திரத்தில் வருகிறது. அதைப் பரிசு என்று மட்டும் படித்துச் சென்றிருந்தோம். சேணத்தைக் கழற்றித் துடைக்கும் அவ்வேளையிலேதான் பழக்குநன் முதுகைப் படிக்கிறான். மற்ற இடமெல்லாம் வியர்வையில் நனைந்திருக்க, உள்ளங்கையளவு இடம் உலர்ந்திருந்தால், அங்கே அழுத்தம் மிகுந்திருக்கலாம். அல்லது சேணம் அங்குப் படாமலே இருந்திருக்கலாம். முன்மேட்டருகே வெண்மயிர் முளைத்திருந்தால், அது பெரும்பாலும் முன்பு அழுத்திய சேணத்தின் வடு. உலர்ந்த இடத்தை விரல்களால் மெல்ல அழுத்த வேண்டும். நோவிருப்பின் குதிரை முதுகைத் தாழ்த்தி விலகும்.