வெளிநாட்டு நேரடி முதலீட்டுச் சூழலைத் தீர்மானிக்கும் காரணிகள்

இப்பகுதியிலிருந்து வினா வரும்போது பலர் "அரசியல் உறுதிப்பாடு, உட்கட்டமைப்பு, மலிவான ஊழியம், வரிச்சலுகை" என நான்கு சொற்றொடர்களை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுகின்றனர். காரணியின் பெயர் விடையாகாது. அக்காரணி முதலீட்டாளரின் இலாபத்தையோ இடரையோ எவ்வாறு மாற்றுகின்றது என்பதே விடை. ஆகவே இங்கு ஒவ்வொரு காரணியையும் இலங்கையில் உண்மையில் நடந்த ஒன்றுடன் சேர்த்துப் படிப்போம். உதாரணம் நினைவில் நின்றால் விளக்கம் தானே வரும்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக் கொள்ளுங்கள். வெளிநாட்டவர் ஒருவர் கொழும்புப் பங்குச் சந்தையில் சில பங்குகளை வாங்கினால் அது சொத்துப்பட்டியல் முதலீடு. நாளையே விற்றுவிட்டுப் போகலாம். நிறுவனமொன்றின் முகாமையில் நிலையான செல்வாக்குடன் பங்கேற்பது நேரடி முதலீடு. வாக்குரிமையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருப்பது இதற்குரிய சர்வதேச அளவுகோலாகும். தொழிற்சாலையைப் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்ல முடியாது. எனவேதான் நேரடி முதலீட்டாளர் இன்றைய இலாபத்தைவிட இன்னும் பதினைந்து இருபது ஆண்டுகளில் இந்நாடு எப்படியிருக்கும் என்பதைப் பெரிதாகக் கேட்கிறார்.

கொள்கையின் தொடர்ச்சி

1961 இல் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டு, அடுத்த ஆண்டில் வெளிநாட்டு எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துக்கள் சுவீகரிக்கப்பட்டன. நட்டஈடு தாமதமாகியதால் 1963 இல் ஐக்கிய அமெரிக்கா தனது உதவியை இடைநிறுத்தியது. 1975 இல் பிரித்தானியக் கம்பனிகளின் தோட்டங்களும் காணிச் சீர்திருத்தத்தின் கீழ் அரசுடைமையாயின. இத்தேசியமயமாக்கலுக்கு அக்காலத்தில் வலுவான நியாயங்கள் கூறப்பட்டன. அவற்றை நீங்கள் வேறோர் அலகில் படித்திருப்பீர்கள். இங்கு கவனிக்க வேண்டியது, முதலீட்டாளரின் மனதில் அது பதித்த அச்சமே.

1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது இந்த அச்சத்தை அகற்றுவதே முதல் வேலையாயிற்று. 1978 இல் பாரிய கொழும்பு பொருளாதார ஆணைக்குழு நிறுவப்பட்டு, கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. இவ்வாணைக்குழுவே 1992 இல் முதலீட்டுச் சபையாக மாறியது. 1978 அரசியலமைப்பின் 157 ஆம் உறுப்புரையையும் மறக்காதீர்கள். பாராளுமன்றத்தின் மூன்றிலிரண்டு பெரும்பான்மையால் அங்கீகரிக்கப்பட்ட முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கைக்கு முரணாக, தேசிய பாதுகாப்புக்காகவன்றி, சட்டம் இயற்ற முடியாது என்பது அதன் சாரம். இருந்தும் 2011 இல் குறைவினைத்திறனுடையவை எனக் கூறி 37 நிறுவனங்களை அரசு ஒரே சட்டத்தால் பொறுப்பேற்றது. பல ஆண்டுகள் கட்டியெழுப்பிய நம்பிக்கை ஒரே நாளிற் குலையலாம் என்பதற்கு இது உதாரணமாகும்.

அமைதியும் பாதுகாப்பும்

1980 களின் தொடக்கத்தில் மோட்டரோலா, ஹரிஸ் ஆகிய இரு அமெரிக்க நிறுவனங்கள் இலங்கையில் இலத்திரனியல் பொருத்துந் தொழிற்சாலைகளை அமைக்கத் திட்டமிட்டிருந்தன. 1983 யூலை வன்செயல்களின் பின்னர் அத்திட்டங்கள் கைவிடப்பட்டன. இழந்தது இரண்டு தொழிற்சாலைகள் மட்டுமல்ல. இலத்திரனியல் துறையில் ஒரு பெரிய நிறுவனம் வந்தால் அதனைத் தொடர்ந்து பிறவும் வருவதே வழக்கம். மலேசியாவின் பினாங்கில் அதுவே நிகழ்ந்தது. எமது வலயங்களோ நீண்டகாலம் ஆடைக் கைத்தொழிலையே பெரிதும் சார்ந்து நின்றன. "அமையச் செலவு" என்ற எண்ணக்கருவுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எமது நாட்டில் இல்லை எனலாம்.

இன்னொன்று மட்டக்களப்பில் நிகழ்ந்தது. கொக்கட்டிச்சோலைப் பகுதியிலிருந்த இறால் பண்ணையொன்றில் ஹொங்கொங் கம்பனியொன்று பங்கு வைத்திருந்தது. 1987 ஜனவரி 28 ஆம் திகதி பாதுகாப்புப் படையினரின் நடவடிக்கையின்போது பண்ணை அழிந்தது. பணியாளர்கள் பலர் உயிரிழந்தனர். பிரித்தானியாவுடன் இலங்கை 1980 இல் செய்த முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கை ஹொங்கொங்கிற்கும் விரிவாக்கப்பட்டிருந்தது. அதன்படி கம்பனி சர்வதேச நடுத்தீர்ப்பை நாடியது. இலங்கை உரிய கவனத்துடன் பாதுகாப்பு வழங்கத் தவறியதாக நடுவர் மன்றம் பெரும்பான்மையாக முடிவுசெய்து, 1990 இல் 460,000 டொலரும் வட்டியும் செலுத்தப் பணித்தது. இருதரப்பு முதலீட்டு உடன்படிக்கையொன்றின் அடிப்படையில் இவ்வமைப்பின் கீழ் வழங்கப்பட்ட முதலாவது தீர்ப்பு என்பதால் உலகெங்கும் சட்ட மாணவர்கள் இதனைப் படிக்கின்றனர். உடன்படிக்கை முதலீட்டாளரின் நட்டத்தைப் பற்றியது. உயிரிழந்த பணியாளரின் குடும்பங்கள் அதன் எல்லைக்குள் வரவில்லை என்பதையும் அறிந்திருங்கள்.

பேரினப் பொருளாதார உறுதிப்பாடு

இதனைக் கணக்கால் விளக்குவதே நல்லது. வெளிநாட்டுக் கம்பனியொன்று உள்நாட்டுச் சந்தையில் விற்று 2 கோடி ரூபா இலாபம் பெறுகிறது எனக் கொள்க. டொலரின் விலை 200 ரூபாவாயின் தாய்நாட்டுக்கு அனுப்பக்கூடியது 100,000 டொலர். விலை 360 ரூபாவாகும்போது அதே இலாபம் ஏறத்தாழ 55,500 டொலராகச் சுருங்குகிறது. கம்பனி எந்தத் தவறும் செய்யவில்லை, உற்பத்தியும் குறையவில்லை. 2022 மார்ச்சுக்கும் மேக்கும் இடையில் இலங்கை ரூபாவுக்கு ஏறத்தாழ இதுவே நடந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடன் மீள்கொடுப்பனவு இடைநிறுத்தப்பட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்தது. வங்கியில் டொலரே இல்லாதபோது, இலாபத்தை அனுப்பலாம் என்று சட்டம் அனுமதித்தும் பயனில்லை.

ஏற்றுமதிக் கம்பனிக்கு மட்டும் நிலைமை வேறு. அதன் வருமானம் டொலரில் கிடைப்பதால் பெறுமதித் தேய்வு அதற்குச் சாதகமாகவும் அமையலாம். இவ்வேறுபாட்டை எழுதும் மாணவர் மிகச் சிலரே.

சந்தையின் அளவும் வர்த்தக உடன்படிக்கைகளும்

ஏறத்தாழ 2 கோடி 17 இலட்சம் மக்களைக் கொண்ட நாடு பெரிய சந்தையன்று. எனவே இலங்கைக்கு வருபவர் பிறநாட்டுச் சந்தையை நோக்கியே வருகிறார். ஆடைக் கம்பனிகளை இங்கு ஈர்த்ததில் பிற ஆசிய நாடுகள் மீதான கோட்டாக் கட்டுப்பாடுகளுக்குப் பெரும் பங்குண்டு. அம்முறை 2005 தொடக்கத்தில் முடிவுற்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகை 2010 இல் நிறுத்தப்பட்டு 2017 இல் மீண்டும் கிடைத்தது. அதற்கான நிபந்தனைகளில் மனித உரிமை உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்துவதும் ஒன்றாகும்.

2000 இல் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின் பின் வனஸ்பதித் தொழிற்சாலைகள் பல இங்கு முளைத்தன. இரு நாடுகளின் தீர்வை வேறுபாட்டைப் பயன்படுத்துவதே அவற்றின் நோக்கம். இந்தியா கட்டுப்பாடு விதித்ததும் அவை மூடப்பட்டன. ஒரேயொரு சலுகையை நம்பி வரும் முதலீடு அச்சலுகையுடனேயே போய்விடும்.

ஊழியம், காணி, உட்கட்டமைப்பு

எழுத்தறிவு 90 சதவீதத்திற்கு மேற்பட்டதென்பது எமது பலம். ஆனால் "மலிவான ஊழியம்" என்று இப்போதும் எழுதுவது பொருத்தமன்று. பங்களாதேசில் கூலி இதைவிடக் குறைவு. "பயிற்றக்கூடிய ஊழியம்" என எழுதுங்கள். 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டத்தின்படி 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியரைக் கொண்ட நிறுவனம், ஒழுக்காற்றுக் காரணமன்றி ஒருவரை நீக்குவதாயின் அவரது சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ தேவை. முதலீட்டாளருக்கு இது செலவு. தொழிலாளிக்கு இது காப்பு. இரு பக்கத்தையும் எழுதுங்கள்.

காணியைப் பொறுத்தவரை, 2014 ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டவருக்கு உரிமை மாற்றுவதைப் பொதுவாகத் தடைசெய்து குத்தகைக்கு இடமளிக்கிறது. கொழும்புத் துறைமுகத்தின் அமைவிடம் பெரும் வாய்ப்பாகும். மின்சாரம் அத்தகையதன்று; 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நீங்களே அறிவீர்கள்.

வரிச்சலுகை

இதனைக் கடைசியில் வைத்ததற்குக் காரணமுண்டு. வரி விடுமுறை இலாபம் உழைப்பவருக்கே பயன்படும். நட்டமடையும் கம்பனிக்கு வரியுமில்லை, விடுமுறையால் நன்மையுமில்லை. போட்டி நாடுகள் யாவும் இதே சலுகையை வழங்குவதால் அதன் ஈர்ப்பும் குறைகிறது. எப்படியும் வந்திருக்கக்கூடிய கம்பனிக்கு வழங்கினால் அரசு இறைவருமானத்தை வீணே இழக்கிறது.

பயிற்சி வினாக்கள்

1. நேரடி முதலீட்டாளர் சொத்துப்பட்டியல் முதலீட்டாளரைவிடக் கொள்கைத் தொடர்ச்சியில் கூடிய அக்கறை கொள்வது ஏன்?

2. ரூபாவின் பெறுமதித் தேய்வு (அ) உள்நாட்டுச் சந்தைக்கு உற்பத்தி செய்யும் (ஆ) ஏற்றுமதிக்கு உற்பத்தி செய்யும் வெளிநாட்டுக் கம்பனிகளை எவ்வாறு பாதிக்கும்? கணித்துக் காட்டுக.

3. "இலங்கைக்குத் தேவை மேலும் வரிச்சலுகைகளே." 1983, 2022 ஆகிய ஆண்டுகளின் அனுபவத்தைக் கொண்டு இக்கூற்றை ஆராய்க.