ஹார்டுடிஸ்க் போனாலும் கம்ப்யூட்டர் ஓடும்!



நம்ம லேபில் மொத்தம் 22 கம்ப்யூட்டர். ஓடுவது 8. ஒன்பதாம் வகுப்பு வந்தால் ஒரு கம்ப்யூட்டருக்கு ஐந்து பேர். மவுஸ் ஒருத்தர் கையில், மீதி நாலு பேர் வேடிக்கை. ஜன்னலோரம் அடுக்கி வைத்திருக்கும் 14 சிபியூக்களைக் கண்டம் செய்து பழைய இரும்புக்குப் போடப் போவதாகப் பேச்சு. போடுவதற்கு முன் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

லேப் சாரிடம் கேட்டுக்கொண்டு நானும் என் நண்பனும் அந்த 14-ஐயும் திறந்து பார்த்தோம். (தூசியால் இரண்டு நாள் தும்மல்!) மூன்றில் பவர் சப்ளை போயிருந்தது. இரண்டில் மதர்போர்டில் கப்பாசிட்டர்கள் உப்பியிருந்தன. மீதி 9-இல் போனது ஹார்டுடிஸ்க் மட்டும்தான். போர்டு, ராம், நெட்வொர்க் எல்லாம் நல்லாவே இருந்தது.

ஹார்டுடிஸ்க் இல்லாமல் கம்ப்யூட்டர் ஓடுமா? ஓடும். பெரும்பாலான நெட்வொர்க் கார்டுகளில் பி.எக்ஸ்.இ. என்று ஒரு வசதி உண்டு. ஸ்விட்சைப் போட்டதும் கார்டு கேபிள் வழியாக, "நான் யார், எனக்கு என்ன வேலை?" என்று கூப்பிடும். சர்வர் அதற்கு ஒரு ஐ.பி. முகவரி கொடுத்து, எந்த ஃபைலை எடுக்க வேண்டும் என்றும் சொல்லும். லினக்ஸ் கெர்னல் கேபிள் வழியாகவே வந்து சேரும். மற்ற எல்லாவற்றையும் சர்வரில் உள்ள ஒரே பிரதியிலிருந்து படித்துக்கொள்ளும். நமக்குத் தெரிவது லாகின் திரை மட்டும்தான். ஒரு மாணவர் எந்த சிஸ்டத்தில் உட்கார்ந்தாலும் அவருடைய ஃபைல்கள் அங்கே இருக்கும், ஏனென்றால் அவை சர்வரில் இருக்கின்றன. "என் ப்ராஜெக்ட் ஏழாம் நம்பர் சிஸ்டத்துல இருக்கு, எழுந்திருடா" என்ற சண்டை வராது.

இதைச் செய்யும் மென்பொருளின் பெயர் லினக்ஸ் டெர்மினல் சர்வர் ப்ராஜெக்ட், சுருக்கமாக எல்.டி.எஸ்.பி. 1999-இல் அமெரிக்காவில் ஜிம் மெக்குவில்லன் என்பவர் தொடங்கினார். திறந்த மூல மென்பொருள், லைசென்ஸ் கட்டணம் கிடையாது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் பள்ளிகளுக்கென்றே இதை எளிதாக்கி கே12எல்.டி.எஸ்.பி. என்று வெளியிட்டார்கள். நார்வேயில் 2001-இல் ஸ்கோலேலினக்ஸ் தொடங்கியது. பள்ளிக் கம்ப்யூட்டர் நம் மொழியில் பேச வேண்டும் என்பது அவர்களுடைய முதல் ஆசைகளில் ஒன்று. (லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. நான் அடித்துப் பார்த்தேன்.)

இனிதான் முக்கியமான கேள்வி. சமையல் எங்கே நடக்கும்?

பழைய முறையில் எல்லா வேலையும் சர்வரில்தான் நடந்தது. சத்துணவுக் கூடத்தில் ஒரே அடுப்பில் சமைத்து எல்லார் தட்டிலும் போடுகிற மாதிரி. நம் முன்னால் இருக்கும் பெட்டி வெறும் தட்டு. அப்போது சர்வருக்கு எவ்வளவு ராம் வேண்டும் என்பதற்குக் கையேட்டில் ஒரு கணக்கு இருந்தது: 256 எம்பி, அதோடு ஆளுக்கு 192 எம்பி. 20 பேருக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக 4096 எம்பி வரும். இன்றைய பிரவுசருக்கு அது காணவே காணாது.

வீடியோ இன்னும் மோசம். 1024×768 திரையில் 7,86,432 புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட், நொடிக்கு 25 படம் என்றால் ஒரே ஒரு மாணவருக்கு நொடிக்குச் சுமார் 47 கோடி பிட் போக வேண்டும். நம்ம லேப் சுவிட்ச் 100 எம்பிபிஎஸ், அதாவது 10 கோடி பிட்தான் கொண்டுபோகும். சுருக்காமல் அனுப்பினால் ஒருத்தருக்கே போதாது!

2019-இல் எல்.டி.எஸ்.பி.யைப் புதிதாகத் திருத்தி எழுதினார்கள். இப்போது சர்வர் அரிசி பருப்பை மட்டும் எடுத்துக் கொடுக்கிறது, சமையல் அவரவர் அடுப்பில். அதாவது புரோகிராம்கள் நம் பெட்டியின் ராமிலேயே ஓடும். அதனால் பெரிய சர்வர் வாங்க வேண்டாம். நன்றாக ஓடும் ஒரு கம்ப்யூட்டரில் எஸ்.எஸ்.டி. போட்டால் போதும் என்று நினைக்கிறேன். பணத்தை கிகாபிட் சுவிட்சில் போடணும், யு.பி.எஸ்.ஸில் போடணும். ஆனால் பெட்டியில் குறைந்தது 2 ஜிபி ராம் இருந்தால் நல்லது, பிரவுசரைத் திறந்தால் 4. நம் 9-இல் ஆறில் 2 ஜிபி, மூன்றில் 1 ஜிபிதான். சாகவே செத்த ஐந்து பெட்டிகளிலிருந்து ராம் குச்சிகளைக் கழற்றி அந்த மூன்றில் போடலாம். டி.டி.ஆர். 2 குச்சி டி.டி.ஆர். 3 இடத்தில் நுழையாது, அழுத்தாதீர்கள்.

சோதனை செய்தபோது ஒரு தப்பு நடந்தது. அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப்பை சர்வராக்கி, பள்ளி நெட்வொர்க்கிலேயே செருகிவிட்டோம். ஐந்து நிமிடத்தில் ஆபீஸ் ரூமில் இன்டர்நெட் போச்சு! ஏற்கனவே ரவுட்டர் முகவரி கொடுத்துக்கொண்டிருக்க, எங்கள் லேப்டாப்பும் கொடுக்க ஆரம்பித்ததுதான் காரணம். நல்ல திட்டு. பிறகுதான் படித்தோம்: ப்ராக்ஸி டி.எச்.சி.பி. என்று ஒரு வழி உண்டு. அதில் முகவரியை ரவுட்டரே கொடுக்கும், சர்வர் ஃபைல் பெயரை மட்டும் சொல்லும். அப்படி மாற்றிய பிறகு யாருக்கும் தொந்தரவில்லை.

குறையும் சொல்ல வேண்டும். சர்வர் நின்றால் லேப் முழுக்க நிற்கும். எனவே மாணவர் ஃபைல்களை வாராவாரம் வேறொரு டிஸ்கில் காப்பி எடுத்தே ஆக வேண்டும். அடுத்து, 2019-இல் வந்த பிளஸ் டூ கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் பேஜ்மேக்கர் பாடம் இருக்கிறது. அது விண்டோஸ் மென்பொருள். அதற்காக ஓடுகிற எட்டில் மூன்றையாவது விண்டோஸிலேயே விட வேண்டும். சி++, பைத்தான், எச்.டி.எம்.எல்., ஓப்பன் ஆஃபிஸ் பாடங்கள் எல்லாம் லினக்ஸில் தாராளமாக நடக்கும்.

"எல்லாத்தையும் தூக்கிட்டுப் புதுசு வாங்கலாமே" என்று சிலர் கேட்டார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 கேட்கிறது. நம் பழைய பெட்டிகளில் அது கிடையாது. ஆகவே விண்டோஸ்தான் வேண்டும் என்றால் 14 மட்டுமல்ல, ஓடுகிற 8-ஐயும் ஒரு நாள் மாற்றணும். பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருக்கும் பணத்துக்கு அது கட்டுப்படியாகாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

இன்னொரு சின்ன விஷயம். அந்த 9 பெட்டிகளிலும் போர்டில் இருக்கும் காசு மாதிரி பேட்டரி தீர்ந்துவிட்டது. அதை மாற்றாவிட்டால் ஒவ்வொரு முறை கரண்ட் போனதும் தேதியும் மறந்துபோகும், நெட்வொர்க்கில் பூட் ஆக வேண்டும் என்பதும் மறந்துபோகும்.

லேபில் இடது மூலையில் மூன்றாவது பெட்டி இப்போது ஹார்டுடிஸ்க் இல்லாமல் ஓடுகிறது. புதன்கிழமை கடைசி பீரியடில் லேப் சார் திறந்து வைக்கிறார். ஸ்விட்சைப் போட்டதும் எஃப் 12 அழுத்துங்கள்.